இழுவண்டியும் சேம அச்சும்

ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்று கேட்பவர் பலர். இறக்கத்தில் எவ்வளவைத் தாங்கிப் பிடிக்கும் என்று கேட்பவர் மிகச் சிலர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், நம் நாட்டில் படித்தவர் கூடும் இடங்களிலும் வாகனப் பேச்சே மிகுந்துவிட்டது. குதிரை வலு இத்தனை, இழுவைத் திறன் இத்தனை தொன் என்று, பாடம் ஒப்புவியாத மாணவரும் இதனைப் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். இலக்கியப் பக்கத்தில் லொறிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். சகடத்தைப் பற்றி நம் புலவர் பாடியவற்றைக் கற்றவர் அங்ஙனம் வினவார் என்பது என் எண்ணம்.

லக்கலப் பகுதியிற் பிறந்து கனடாவிற் பல்லாண்டு வாழ்ந்த என் பழைய மாணாக்கர் ஒருவர் ஊர் திரும்ப எண்ணியுள்ளார். படுக்கை, சமையலறை, குளியலறை யாவும் அமைந்த சில்லு வீடொன்றைப் பெரிய பிக்கப் லொறியின் பின்னே பூட்டிக்கொண்டு விடுமுறைக்குச் செல்வது அந்நாட்டார் வழக்கம். அத்தகைய வீடொன்றை மாத்தளையிலிருந்து மலை கடத்தி லக்கலைக்குக் கொண்டு சென்று, சுற்றுலா வருவோரைத் தங்கவைப்பது அவர் திட்டம். உழைத்துச் சேர்த்த பொருள் முழுவதும் இதில் இறங்குகின்றது. எந்த லொறியைத் தெரிவது என்று எனக்கு எழுதியிருந்தார். பண்டிதரிடம் கேட்கும் வினாவா இது என்று என் வீட்டார் நகைத்தனர். நான் நகைக்கவில்லை.

சில்லு வீடு மேனாட்டார் கண்ட புதுமை அன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணர் வண்டியை நோக்குக. மேலே ஆரைப்புல் வேய்ந்த கூரை. வாயிலிற் கோழிக் கூடு. பிடியானையின் முழந்தாள் போன்ற சிற்றுரல் ஒன்று தொங்குகின்றது. காடிக் கலமும் கட்டப்பட்டிருக்கின்றது. குழந்தையை உடைய பெண்கள் எருதுகளை ஓட்ட, வலிய ஆடவர் பக்கத்தே காவலாக நடக்கின்றனர். எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தன என்று மார்தட்டுவதற்காக இதனைச் சொன்னேன் அல்லேன்; அத்தகைய பேச்சில் எனக்கு விருப்பமில்லை. குடும்பத்தையும் தட்டுமுட்டுகளையும் ஏற்றிக்கொண்டு நெடுவழி சென்றவர்களுக்குப் பாரத்தைப் பற்றிய தெளிந்த அறிவு இருந்தது என்பதே ஈண்டு வேண்டுவது.

அவ்வறிவின் சாரம் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உள்ளது. அதியமான் மகன் பொகுட்டெழினியைச் சிறப்பித்து ஔவையார் பாடியது அது. எருதுகள் இளையவை, நுகத்திற் பழகாதவை என்பது முதற் செய்தி. ஏற்றிய பண்டமோ மிகுதி என்பது அடுத்தது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் யாது நேருமோ, யார் அறிவார் என்பது மூன்றாவது. அதனாலன்றோ உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைச் சேமமாகக் கட்டிச் செல்கின்றனர்! பொகுட்டெழினி அச்சேம அச்சுப் போன்றவன் என்கிறார் ஔவையார். இப்பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவர்க்கு ஒன்றைச் சுட்டுவேன்: ஔவையார் ஏற்றத்தை முதலிற் கூறவில்லை; இறக்கத்தையே முதலிற் கூறினார். விற்பனையாளரின் விளம்பரமோ ஏற்றத்தை மட்டுமே கூறுகின்றது.

பாரத்தைப் பற்றி வள்ளுவர் கூறியது யாவரும் அறிந்ததே. மயிற்பீலியே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் ஓதினார். பரிமேலழகர் இதனைப் பிறிதுமொழிதல் எனக்கொண்டு, எளியவர்தாமே என்று பலரைப் பகைப்பவன் அவர் ஒன்றுகூடியவழி அழிவான் என்று பொருள் விரித்தார். அது தக்க உரையே. எனினும் லொறி வாங்குபவர் உவமையை உவமையாகவே எடுத்துக்கொள்ளுதல் நலம்.

கணக்கொன்று சொல்கிறேன். எட்டுத் தொன் இழுக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட லொறி ஒன்று. அதற்குப் பூட்டக் கருதிய வீடு சாமான்களோடு ஆறு தொன். இரண்டு தொன் மிச்சம் இருக்கின்றதே என்று மகிழத் தோன்றும். ஆனால் இழுபடும் வீட்டின் பாரம் முழுவதையும் அதன் சொந்தச் சில்லுகள் தாங்குவதில்லை. கழுத்து நீண்டு லொறியின் பின்னச்சுக்கு மேலே அமர்கின்ற வகையில், பாரத்தில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை லொறியின் முதுகில் இறங்கும். இருபது என்று கொள்வோம்; 1,200 கிலோ. பூட்டும் இரும்பு 80 கிலோ. ஆட்கள் நால்வர் 280 கிலோ. ஆக 1,560 கிலோ. அந்த லொறி தன் முதுகில் ஏற்றத்தக்க பாரம் 1,400 கிலோ என்றால், எட்டுத் தொன் என்ற பெரிய எண்ணால் யாது பயன்? ஏற்றத்தக்க அளவை வட அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் கதவருகே சட்டத்தில் ஒட்டிய சிறு தாளில் அச்சிட்டிருப்பார்கள். விளம்பரத்தைப் படிப்பவர் ஆயிரம் பேர் என்றால் இத்தாளைப் படிப்பவர் பத்துப் பேர் இரார்.

முதுகின் பாரத்திற்கு அஞ்சிச் சாமான்களை வீட்டின் பின்பக்கம் ஒதுக்குவதும் ஆகாது. முன்பாரம் குறைந்தால் வீடு வால்போல் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் லொறியையும் திருப்பிவிடும். பாரம் மெய்யாகவே மிகுதியெனின், பின்னச்சில் இரட்டைச் சில்லுகள் பூட்டிய லொறியைத் தெரிதலே வழி. அதற்கு அகன்ற பாதை வேண்டும் என்பது வேறு தொல்லை.

இனி வழிக்கு வருவோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டையைக் கடந்து ரிவர்ஸ்டன் கணவாய்க்கு ஏறும் பாதை ஆயிரம் மீற்றருக்கும் மேலே செல்கின்றது. பின்னர் பிட்டவல பத்தனை, இலுக்கும்புற என்று லக்கலை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இப்பகுதி 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டைச் சேர்ந்தது. அழகைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. பாதை ஒடுக்கமானது. ரிவர்ஸ்டன் காற்றோ பேர்போனது. உயர்ந்த பக்கச் சுவர்களை உடைய வீட்டை அது சும்மா விடாது. ஏறும்போது எந்திரம் களைத்தால் வண்டி நிற்கும், அவ்வளவே. இறங்கும்போது ஆறு தொன் வீடு பின்னாலிருந்து தள்ளும். ஓட்டுநர் பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆதலால் தாழ்ந்த கியரில் எந்திரமே வேகத்தை அடக்க வேண்டும். டீசல் எந்திரமாயின் புகைபோக்கும் வழியை நெருக்கி வேகம் தடுக்கும் அமைப்பு இருத்தல் வேண்டும். இழுபடும் வீட்டுக்கும் தனிப் பிரேக் இருந்து, அதனை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே இயக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத லொறி எத்துணை வலியதாயினும் லக்கலைப் பாதைக்கு ஆகாது.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமக விழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வருவதை இப்பகுதியார் அறிவர். வடம் பிடிப்பவர் பலர். சில்லின் கீழ் முட்டுக்கட்டை இடுபவரோ சிலர். தேரின் போக்கு அவர் கையில் இருக்கின்றது. வடத்திற்கு அடிபிடி உண்டு. முட்டுக்கட்டைக்கு யாரும் போட்டியிட்டு நான் கண்டதில்லை.

சேம அச்சை இக்காலத்தில் மேலதிகச் சில்லு என்று கொள்வது போதாது. கெட்டுப்போன உறுப்பு இந்நாட்டிற் கிடைக்குமா, மாத்தளையிற் பழுதுபார்ப்பவர் அவ்வெந்திரத்தை அறிவாரா என்பவையும் சேமத்தில் அடங்கும். வெளிநாட்டிற் பெயர்பெற்ற லொறி லக்கலையில் உறுப்புக்காக மூன்று மாதம் மழையில் நிற்குமாயின், கண்டிச் சாலையில் நாளும் ஓடும் சாதாரண லொறியே மேலானது.

இவ்வாறெல்லாம் மாணாக்கருக்கு எழுதினேன். வீட்டின் பாரத்தை மூன்று தொன்னுக்குள் அடக்கும்படியும், அதன் பின்னரே லொறியைத் தேடும்படியும், வீட்டை ரிவர்ஸ்டன் வழியே கொண்டுசெல்லாமல் நாவுல, எலஹெர வழியாகத் தாழ்நிலத்திற் சுற்றிச் செல்லும்படியும் கூறினேன். அவ்வழியில் மலைக்காட்சி இல்லையே என்று மறுமொழி வந்தது. வீட்டைப் பல்லேகமவில் நிறுத்திவிட்டு, விருந்தினரை வெறும் லொறியில் ஏற்றி ரிவர்ஸ்டனுக்கு அழைத்துச் செல்லலாமே என்று மறுபடி எழுதியிருக்கிறேன்.