டாக்டரும் பேசப் பழக வேண்டும்!

"உடம்புக்கு என்ன?" என்று டாக்டர் கேட்கிறார்.

"தலை வலிக்கிறது. அப்புறம்..."

நோயாளி முடிக்கவில்லை. அதற்குள், "எத்தனை நாளாக? காய்ச்சல் உண்டா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. நெஞ்சில் வலி வருவதையும் சொல்ல அவர் நினைத்திருந்தார். சொல்லாமலே மருந்துச் சீட்டுடன் வீடு திரும்புகிறார்.

18 விநாடி!

அமெரிக்காவில் டாக்டரும் நோயாளியும் பேசுவதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். முடிவு 1984-ல் வெளியாயிற்று. நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார்!

"விட்டால் பேசிக்கொண்டே இருப்பார்களே?" என்று கேட்கலாம். அதுவும் சரியல்ல. சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைத் தடுக்காமல் பேசவிட்டுப் பார்த்தார்கள். சராசரி 92 விநாடியில் முடித்துவிட்டார்கள். 100-க்கு 78 பேர் 2 நிமிடத்துக்குள் முடித்தார்கள். இது 2002-ல் வெளியான முடிவு.

பாடத்தில் சேர்ந்தது

இந்தியாவில் 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியது. நோயாளியிடம் பேசுவதும் பழகுவதும் பாடமாகச் சேர்ந்தன.

ஆனால், வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் மட்டும் போதாது. நீச்சலைப் போல, இறங்கிப் பழக வேண்டும். தன் குறை தனக்குத் தெரிய வேண்டும்.

சிக்கல் இங்கேதான். டாக்டர்கள் தங்களைத் தாங்களே எடைபோடுவது பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 2006-ல் வெளியிட்டார்கள். திறமை குறைந்தவர்களும், "எனக்கு எல்லாம் தெரியும்" என்று இருந்தவர்களும்தான் அதிகம் தவறினார்கள்!

வழி என்ன?

மாணவர் தன் பேச்சைத் தானே கேட்க வேண்டும். நோயாளியின் சம்மதம் பெற்று ஒலிப்பதிவு செய்யலாம். "எங்கே குறுக்கிட்டேன்? புரியாத சொல் எத்தனை சொன்னேன்?" என்று நோட்டில் எழுதலாம். தனக்குத் தானே மார்க் போடலாம். கூடப் படிப்பவரையும் மார்க் போடச் சொல்லி, இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம். எல்லாக் குறையையும் ஒரே நாளில் திருத்த முடியாது. வாரத்துக்கு ஒன்று போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. "இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள்? சொல்லுங்கள், அம்மா" என்று கேட்க வேண்டும். அந்த அம்மா தவறாகச் சொன்னால், குறை அவருடையது அல்ல. விளக்கியவருடையது!

உங்கள் வீட்டில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை உண்டா? லீவில் வரும்போது, பாட்டியின் மூட்டுவலியை விசாரிக்கச் சொல்லுங்கள். பாட்டி சொல்லி முடிக்கும்வரை பிள்ளை பொறுமையாகக் கேட்கிறதா என்று பாருங்கள். அதுதான் முதல் பரீட்சை!