கர்னலில் திருந்தியது கைக்கு வரவேண்டும்

இயங்குதளத்தின் நினைவகத்தையும் அனுமதிகளையும் ஆளும் உட்பகுதி கர்னல் எனப்படும். லினக்ஸ் கர்னலில் 2007 முதல் இருந்த ‘டர்ட்டி கவ்’ என்னும் பாதுகாப்புக் குறை, நினைவகப் பக்கமொன்றில் எழுதுமுன் அதற்குத் தனிப்படி எடுக்கும் வேலைக்கும் அப்படியைக் கைவிடச் சொல்லும் கட்டளைக்கும் இடையே எழும் போட்டியால், வாசிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பிலும் சாதாரணப் பயனர் எழுத இடமளித்தது. முன்பே ஒருமுறை தாம் செய்து, பின்னர் விலக்கப்பட்ட திருத்தத்தை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016 அக்டோபரில், படி எடுத்தாயிற்று என்று காட்டும் ஓர் அடையாளத்தைச் சேர்த்து, சில வரிகளிலேயே நிறைவேற்றினார். ஆயினும் தயாரிப்பாளர் இற்றைப்படுத்தலை நிறுத்திவிட்ட, லினக்ஸ் கர்னலையே கொண்ட பழைய அண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் இலங்கையின் உடுவில் ஊர் மாணவியொருத்தி படிக்கும்போது, அந்தச் சில வரிகள் அவளை எட்டுவதேயில்லை. பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்பதை விற்பனைப் பெட்டியிலேயே அச்சிடுமாறு இலங்கைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.