சைக்கிள் பாதையும் எங்கள் கடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டொரொன்டோவின் சைக்கிள் பாதைகள் சிறு கடைகளின் வயிற்றில் அடிப்பதாகச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என்னால் ஏற்க முடியவில்லை. புளூர் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான்.

2016இல் அங்கே சோதனையாகப் பாதை போட்டபோது நானும் பயந்தேன். கடை வாசலில் கார் நிறுத்த இடம் போனால் யார் வருவார்கள் என்று இரவில் தூக்கம் வரவில்லை. ஆனால் கல்லாவில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது: என்னிடம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தவர்கள், நடந்தோ சுரங்க ரயிலிலோ வருகிறவர்கள். அதே தெருவின் அனெக்ஸ் பகுதியில் 2009இல் வெளியான ஆய்விலும், காரில் வந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். 2017இல் மாநகராட்சி கணக்கெடுத்தபோது அங்கே வாடிக்கையாளர் செலவு கூடியிருந்தது. அந்த ஆண்டே பாதை நிரந்தரமானது.

சிரமம் இல்லாமல் இல்லை. சரக்கு லாரிக்கு நிற்க இடமில்லை. அரிசி மூட்டை இறக்க அது சைக்கிள் பாதையை அடைத்து நிற்கிறது. சைக்கிளில் வரும் பிள்ளைகள் கார்களுக்கு நடுவே விலக வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. முழங்கால் வலியோடு வரும் முதியவர்களுக்கும் இறங்க இடமில்லை.

ஆகவே மாநகராட்சிக்கு என் வேண்டுகோள்: பாதையைப் பெயர்க்க வேண்டாம். ஒவ்வொரு குறுக்குத் தெருவின் முனையிலும் இரண்டு இடங்களைக் காலை பதினொரு மணிவரை சரக்கு இறக்கவும், பிறகு முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கும் ஒதுக்குங்கள். தெருவுக்கு வடக்கே, சுரங்க ரயில் தடத்தை ஒட்டி மாநகராட்சியின் வாகன நிறுத்தங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. அவற்றுக்கு வழிகாட்டும் பலகைகளைப் பெரிதாக வையுங்கள்.

ஒரு வாசகர்,
டொரொன்டோ