"நெழல்ல பாக்கற வேலை"ன்னு பொண்ணுகளைச் சேர்க்காதீங்க!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் போத்தனூர் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பேச்சுதான். "ஏனுங் டீச்சர், புள்ளைய கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேத்தோணுங்க, எந்தக் காலேஜுங்க நல்லாருக்கும்?" 20 வருஷமாக வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஏன் அந்தப் படிப்பு என்று திருப்பிக் கேட்டால், "பொட்டப் புள்ளைக்கு நெழல்ல உக்காந்து பாக்கற வேலைங்க. மில்லு, பட்டறைன்னு அலைய வேண்டாம் பாருங்க" என்கிறார்கள். பிள்ளைக்குக் கணக்கு பிடிக்குமா என்று இதுவரை ஒரு பெற்றோர்கூட யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வாசகியரே, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கற்றுக்கொடுக்கும் படிப்பு இல்லை. பாதிக்கு மேல் கணக்குதான், அதுவும் தர்க்கக் கணக்கு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வார்: தண்டவாளத்தில் வண்டி இல்லை, பாயின்ட் சரியாகப் பூட்டியிருக்கிறது, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ரிலே பிடிக்கும், சிக்னல் பச்சையாகும், ஒன்று தவறினாலும் சிவப்புதான். இந்த "இதுவும் அதுவும்", "இது அல்லது அது" என்கிற சங்கதியை ரிலேக்களை வைத்தே கணக்காகப் போடலாம் என்று அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்ற மாணவர் 1937-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். முதல் வருஷத்திலேயே பிள்ளைகள் படிப்பது அதைத்தான். ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது புரியாதா என்ன!

இன்னொன்றும் சொல்கிறேன். 1000 பேர் பெயர் அகர வரிசையில் இருக்கிறது, அதில் ஒரு பெயரைத் தேட வேண்டும். முதலில் இருந்து பார்த்துக்கொண்டே போனால் 1000 தடவைகூட ஆகலாம். நடுவில் திறந்து, முன்னாலா பின்னாலா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் மறுபடி நடுவில் திறந்தால் 10 தடவைக்குள் கிடைத்துவிடும். பத்து லட்சம் பெயர் என்றாலும் 20 தடவைதான். இதைச் சொன்னதும் "அட!" என்று கண் விரிகிற பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் சயின்சில் சேர்க்கலாம். கொட்டாவி விடுகிற பெண்ணை, 190 கட்-ஆஃப் வைத்திருந்தாலும், இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அடுத்தது பணம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்தார்கள். எந்தக் காலேஜ் என்று சொல்லப் போவதில்லை. லேப் நேரத்தில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். அந்தப் பெண் கெட்டிக்காரிதான். ஆனால் வீட்டில் வட்டி கட்டும் தேதி வந்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. "எனக்காகத்தானே டீச்சர்" என்கிறாள். படிக்கிற வயசில் இந்தப் பாரம் அவளுக்கு எதற்கு?

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. என்றால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்? "என்ற புள்ள இஞ்சினீரிங்" என்று சொந்தபந்தத்தில் சொல்லிக்கொள்ள முடியாது, அவ்வளவுதானே! டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் எல்லாம் அங்கேயும் இருக்கிறது. கணிதமும் ஹார்டுவேரும் பி.இ.யில் ஆழமாகப் போகும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருஷம் படித்துவிட்டு எம்.சி.ஏ. போனால், 2020-லிருந்து அது இரண்டே வருஷம். பி.எஸ்சி. முடித்தவர்களும் 'கேட்' தேர்வு எழுதலாம். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளே பி.எஸ்சி., பி.சி.ஏ. பிள்ளைகளைத் தனியாகத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள்.

கோவை அரசு கலைக் கல்லூரி மாதிரி இடத்தில் கிடைத்தால் வருஷத்துக்குச் சில ஆயிரத்தில் முடியும். ஒரே ஒரு எச்சரிக்கை: "அரசு உதவி பெறும் கல்லூரி"ன்னு போர்டைப் பார்த்து ஏமாறாதீங்க. பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும். சேர்வதற்கு முன்னால் ஃபீஸ் எந்தப் பிரிவு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், இஞ்சினீரிங்கில் 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். இதைக்கூட விசாரிக்காமல் நகைக் கடைக்கு ஓடுகிறவர்களை என்ன சொல்வது?

எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம் வருவது வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்துத்தான். 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோதே பார்த்தேன். அக்கா பேரில் வந்த லேப்டாப், தம்பி மடியில்! இன்றைக்கும் மாறவில்லை. புரோகிராம் எழுதுவது பாடம் ஒப்பிப்பது போல் இல்லை. ஒரு தப்பைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் "கண்ணு, அந்தப் பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டுப் போ" என்றால் மறுபடி முதலில் இருந்துதான். பையன் ராத்திரி 12 மணிக்கு லேப்டாப் முன்னால் இருந்தால் "படிக்கறான்" என்கிறோம். பெண் இருந்தால் "யார்கூடப் பேசறே?" என்கிறோம். சில பெண்கள் விடுதிகளில் இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பையன்கள் காலேஜ் லேபில் உட்கார்ந்து போட்டிக்குத் தயாராகிறார்கள், இவர்கள் அறையில் செல்போனில் புரோகிராம் டைப் அடிக்கிறார்கள். அப்புறம் கேம்பஸ் இன்டர்வியூவில் "பொண்ணுகளுக்கு அனுபவம் பத்தலை" என்றால் எப்படிப் பத்தும்?

அமெரிக்காவில் 1946-ல் வெளியுலகுக்குக் காட்டிய எனியாக் என்கிற ராட்சசக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் செய்தவர்கள் ஆறு பெண்கள். ஆரம்பத்திலேயே நம் கையில் இருந்த வேலை இது.

இப்போது புதுசாக ஒரு பயம் கிளம்பியிருக்கிறது. "ஏ.ஐ. வந்துருச்சுங்களே, இனிமே கம்ப்யூட்டர் படிச்சு என்னத்துக்குங்க?" என்கிறார்கள். மெஷின் எழுதித் தருகிற புரோகிராம் சரியா தப்பா என்று சொல்ல ஆள் வேண்டாமா? கால்குலேட்டர் வந்த பிறகும் என்னிடம் டியூஷனுக்குக் கூட்டம் குறையவில்லை. மனப்பாடம் பண்ணிப் பாஸ் செய்தவர்களுக்குத்தான் சிரமம் அதிகம், அது எல்லாப் படிப்புக்கும் உள்ளதுதான்.

இந்த வருஷம் விண்ணப்பம் போடுகிற தாய்மார்கள், காலேஜ் பெயரை விசாரிக்கும்போதே லேபில் எத்தனை கம்ப்யூட்டர், சாயங்காலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், பெண்களையும் அதுவரை விடுவார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். பொண்ணையும் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே கேட்கட்டும்.

— டியூஷன் டீச்சர், போத்தனூர்.