தூரமா, பக்கமா?

தாய்லாந்து மொழி பேசக் கத்துக்கணும்னு ஆசையா? (சுருக்கமா 'தாய்மொழி'ன்னு எழுதினா வேற அர்த்தம் வந்துடும்!) முதல்ல இதைக் கேளுங்க. அங்கே 'க்ளை' என்பதை ஏத்தாம இறக்காம சொன்னா தூரம். அதையே உயரத்துல தொடங்கிச் சட்டுனு இறக்கினா பக்கம். பாங்காக்கில் வழி கேட்கிறவர் கதியை யோசிச்சுப் பாருங்க.

மொத்தம் 5 தொனிகள். நாம குரலை ஏற்றி இறக்குவது கேள்விக்கும் கோபத்துக்கும். சொல்லின் அர்த்தம் மாறாது. அங்கே சொல்லே மாறிடும். குறில் நெடில் வித்தியாசம் அவங்களுக்கும் உண்டு, அதில் நமக்குச் சிரமமில்லை. தொனியில்தான் மாட்டுவோம்.

ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பதுதான் பெரிய தப்பு என்பேன். அதில் ரெண்டு 'க்ளை'யும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தாய் எழுத்தில் 'பக்கம்' தலையில் தொனிக்குறி உண்டு, 'தூரம்' தலையில் கிடையாது. மெய்யெழுத்தே 44, நம்ம 18ஐப் போல ரெண்டு மடங்குக்கு மேல, மலைப்பாத்தான் இருக்கும். ஆனா பேசுறதுக்கே அந்த எழுத்து வேணும். "பேசினா போதும், எழுத்து எதுக்கு?"ன்னு தள்ளிவிட்டவர், அடுத்த தெருவில் இருக்கிற ஸ்டேஷனுக்கு டாக்ஸி பிடிப்பார்.