26 கோடி ரூபாய்க்குப் போன பழைய மஸ்டாங்... ‘மஸில் கார்’ ஒரிஜினல்தானா என்று கண்டுபிடிப்பது எப்படி?

2020 ஜனவரி 10. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் கிஸ்ஸிமி நகரில் நடந்த மீகம் ஏலத்தில், பெயின்ட் மங்கி, ஆங்காங்கே துருப்பிடித்த ஒரு ஃபோர்டு மஸ்டாங் ஏலம் போனது. கட்டணங்களையும் சேர்த்து விலை 37.4 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய்!

1968-ல் வெளியான ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய கார் அது. சரி, அதே மாடலில், அதே பச்சை நிறத்தில் வேறொரு காரை யாராவது கொண்டுவந்து நிறுத்தினால்? இதுதான் அந்த கார் என்று எதை வைத்து நம்புவது?

போலிகள் ஏன் அதிகம்?

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்க நிறுவனங்கள் சாதாரண கார்களில் பெரிய வி8 இன்ஜினை வைத்து விற்றன. இவைதான் மஸில் கார்கள். 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வைத்தான் பலரும் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

சிக்கலே இங்கேதான். விலை குறைந்த காருக்கும் விலை உயர்ந்த காருக்கும் பாடி ஒன்றுதான். 1964, 65-ல் ஜிடிஓ என்பது லெமான்ஸ் காரில் கிடைத்த ஒரு கூடுதல் ஆப்ஷன் மட்டுமே. இன்ஜினை மாற்றி, பேட்ஜை ஒட்டினால் சாதாரண லெமான்ஸ், ‘ஜிடிஓ’ ஆகிவிடும். ‘இது நகல்தான்’ என்று சொல்லி விற்றால் தப்பில்லை. ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

வின் நம்பர் என்ன சொல்லும்?

ஒவ்வொரு காருக்கும் வின் என்ற அடையாள எண் உண்டு. நம்மூரில் சேஸிஸ் நம்பர் என்று சொல்கிறோமே, அதுதான். புல்லிட் காரின் எண் 8ஆர்02எஸ்125559. இதில் 8 என்பது 1968 மாடல். ஆர் என்பது கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆலை. 02 என்பது ஃபாஸ்ட்பேக் பாடி. எஸ் என்பது 390 இன்ஜின். கடைசி 6 இலக்கம் வரிசை எண். இதற்கு முந்தைய எண்ணான 125558 கொண்ட ஸ்டண்ட் கார், 2017-ல் மெக்சிகோவில் கிடைத்தது.

எல்லா நிறுவனமும் இப்படி விவரமாக எழுதவில்லை. பழைய செவ்ரோலே கார்களின் வின் நம்பரில் 1972-க்கு முன்பு எந்த இன்ஜின் என்ற குறியீடே கிடையாது. 17 இலக்க முறை எல்லோருக்கும் பொதுவாக வந்ததே 1981 மாடலில் இருந்துதான்.

ஆலை ஆவணம் எங்கே கிடைக்கும்?

1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு ‘மார்ட்டி ரிப்போர்ட்’ கிடைக்கும். என்ன நிறம், என்ன இன்ஜின், எந்த டீலருக்குப் போனது என எல்லாம் அதில் இருக்கும். பான்டியாக் கார்களுக்கு ‘பிஎச்எஸ்’ என்ற அமைப்பு பழைய ஆலை பில்லின் நகலைத் தருகிறது. கிரைஸ்லர் கார்களில் சீட் ஸ்பிரிங்குக்குள் சொருகப்பட்ட ‘பில்டு ஷீட்’ இன்றும் சில நேரம் கிடைக்கிறது. ஆலைத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற காகிதம், இன்று பெரிய சாட்சி!

அடுத்தது இன்ஜின். அதில் பொறித்த எண் வின்னோடு பொருந்த வேண்டும். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு புது எண் குத்துபவர்களும் உண்டு. ஆனால், ஆலை இயந்திரம் அந்த இடத்தில் விட்ட மெல்லிய கோடுகள் தேய்த்தால் போய்விடும். நிபுணர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்ஜின் வார்க்கப்பட்ட தேதியும் முக்கியம். கார் தயாரான தேதிக்குப் பிறகு வார்த்த இன்ஜின் அந்தக் காருடையதாக இருக்க முடியாதே!

கைமாறிய கதை

நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம் பார்ப்பதுபோல, இங்கே உரிமையாளர் வரிசையைப் பார்க்க வேண்டும். புல்லிட் மஸ்டாங்கை 1974-ல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒருவர் 6,000 டாலருக்கு வாங்கினார். 1977-ல் மெக்குயினே காரைத் திரும்பக் கேட்டு கடிதம் எழுதினார். அவர் கொடுக்கவில்லை. அந்தக் கடிதமே பின்னாளில் காருக்கு வலுவான ஆதாரமாகிவிட்டது. படப்பிடிப்புக்காக காரின் அடியில் செய்த மாற்றங்களும் அப்படியே இருந்தன. ‘புதுசு மாதிரி’ ஆக்கியிருந்தால் இவை அழிந்திருக்கும்.

தவறே செய்யாதவருக்கும் சிக்கல்

அமெரிக்காவில் வின் நம்பரை வேண்டுமென்றே அழிப்பதும் திருத்துவதும் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் இதில் அப்பாவிகளும் மாட்டுகிறார்கள். கன்சாஸ் மாநிலத்தில் 1959 மாடல் கார்வெட் ஒன்றை 2017-ல் போலீசார் பறிமுதல் செய்தார்கள். முன்பு யாரோ காரைப் புதுப்பித்தபோது வின் தகட்டைக் கழற்றி மாட்டியதுதான் காரணம். வாங்கியவருக்கு அது தெரியாது. பணம் கொடுத்தவர் கார் இல்லாமல் கோர்ட்டுக்கு அலைந்தார். 2022-ல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. புதுப்பிக்கும் வேலைக்காக தகட்டைக் கழற்றி மாட்டுவது இப்போது அங்கே குற்றமில்லை.

அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே வின் தகட்டின் ரிவெட்டுகளை நேரில் பார்க்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள். டைட்டிலில் உள்ள எண், தகடு, பாடியில் மறைவாகப் பொறித்த எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆலை ஆவணத்தை விற்பவர் காட்டும் நகலாக வாங்காமல், வாங்குபவரே நேரடியாக விண்ணப்பித்துப் பெறுவது பாதுகாப்பு. ‘பேப்பர் எல்லாம் வீட்டுல இருக்கு, அப்புறம் தர்றேன்’ என்று விற்பவர் சொன்னால், பணத்தையும் அப்புறமே கொடுக்கலாம்.