பிணைச்சலைத் தளர்த்துங்கள்

நாலைந்து வருடம் உழைத்த லெப்டொப்பின் மூடியைத் திறக்கும்போது ஓரத்தில் 'சடக்' என்று சத்தம் கேட்டு, திரையின் கீழ்ச்சட்டம் பிளந்துகொள்கிறது. "இது இனிச் சரிவராது, புதுசு ஒன்றைப் பாருங்கள்" என்ற புத்திமதியும் உடனே வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது தவறான புத்திமதி. அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தால் உலோகப் பிணைச்சல் முழுசாகவே இருக்கும். உடைந்திருப்பது அதைத் தாங்கும் பிளாஸ்டிக் குமிழ்கள். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத அந்தக் குமிழ் ஒவ்வொன்றிலும் திருகாணி இறங்க ஒரு பித்தளை மரை பதித்திருப்பார்கள். பிணைச்சலின் தண்டில் அடுக்கிய வாஷர்களை ஒரு நட்டு இறுக்கிப் பிடிக்கும். அந்த உராய்வால்தான் திரை சாய்த்த இடத்தில் நிற்கிறது. நாளாக நாளாக உள்ளே பூசிய கிரீஸ் காய, பிணைச்சல் இறுகுகிறது. மூடியைத் தூக்கும் விசை அத்தனையும் மரைகளில் விழ, அவை பிளாஸ்டிக்கோடு பிடுங்கிக்கொண்டு வருகின்றன. ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறப்பவர்களுக்கு அந்தப் பக்கம் முதலில் போகும். மூளையும் நினைவகமும் திரையும் நன்றாக இருக்கும் ஒரு இயந்திரத்தை இதற்காகக் கைவிடுவது நியாயமில்லை.

கண்டியில் இருப்பவர்களுக்கு இது சில்லறை விஷயமல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிறகு 300க்கு அருகே இறங்கியும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. தோட்டத்துக் குடும்பத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைக்கு இன்னொரு லெப்டொப் என்றால், அது வீட்டாரின் பல மாதச் சம்பளம். எறிந்தால் எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். நகரத்துக் குப்பை குவிந்த கொஹாகொட, மகாவலி ஆற்றை ஒட்டித்தான் இருக்கிறது.

ஒட்டினால் நிற்காது, சில மாதத்தில் திரும்ப உடையும் என்பார்கள். உடைவது உண்மைதான், ஆனால் பழி ஒட்டின் மேல் இல்லை. இறுகிய பிணைச்சலை அப்படியே விட்டுச் சுப்பர் குளூவை மட்டும் ஊற்றினால், முதலில் பிடுங்கிய அதே விசை மறுபடியும் பிடுங்கும். சுப்பர் குளூ நேர் இழுவையைத் தாங்கும், நெம்பலைத் தாங்காது. முதல் வேலை, பிணைச்சலைக் கழற்றி நட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவது. திரை தானாகச் சாயாத மட்டில் நிறுத்த வேண்டும். பிறகு உடைந்த இடத்தைச் சொரசொரப்பாக உரசி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அரல்டைட் போல இரண்டு குழாயைக் கலக்கும் எபொக்சியில் மரையைப் பதிக்கலாம். துளைக்குள் எபொக்சி இறங்கிவிடக் கூடாது. குமிழே நொறுங்கிப்போயிருந்தால் அடித்தட்டைத் துளைத்து வெளியிலிருந்து சிறு போல்ட் போடுவதே மேல். பார்வைக்கு அழகில்லை, பலத்துக்குக் குறையில்லை. பற்றரி ஊதியிருந்தால் மட்டும் எல்லாவற்றுக்கும் முன் அதை அகற்ற வேண்டும், ஏனென்றால் சட்டத்தைப் பிளந்தது அதுவாகவும் இருக்கலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, பழைய இயந்திரங்கள் பல 11ஐ ஏற்காது, பிறகு திருத்தி என்ன பயன்? மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் அந்த இயந்திரங்களில் நன்றாகவே ஓடுகின்றன. கட்டுரை எழுதவும் வகுப்பில் இணையவும் பாடக்குறிப்பு படிக்கவும் அது போதும். குறிப்பிட்ட மென்பொருள் ஒன்று விண்டோஸில்தான் ஓடும் என்றால் கதை வேறு.

பிரான்ஸில் 2021 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் லெப்டொப்புக்கு, கழற்றுவது எவ்வளவு இலகு, உதிரிப்பாகம் கிடைக்குமா, என்ன விலை என்பவற்றைக் கணக்கிட்டு 10க்கு ஒரு புள்ளி காட்ட வேண்டும். நாம் வாங்கும்போதும் அந்தக் கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்கலாம். கையில் ஏற்கனவே உள்ள லெப்டொப்பின் மூடி முன்னைவிட இறுக்கமாகத் திறந்தால், சட்டம் பிளக்கும்வரை காத்திராமல் அந்த வாரமே கடைக்குக் கொண்டுபோங்கள். அப்போது நட்டைத் தளர்த்துவதோடு வேலை முடிந்துவிடும். உடைந்த பிறகு கொண்டுபோனால், பின்னேரமே தந்துவிடும்படி அவசரப்படுத்தாதீர்கள்; எபொக்சி முழுப் பலத்துக்கு இறுக ஒரு நாளாவது வேண்டும்.